பயனரே அமைத்துக்கொள்ளும் போர்ட்டல் முகப்பு: திட்டமிடுவது முதல் பராமரிப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஒரு நிறுவனத்தின் உள் போர்ட்டலில், அதாவது பணியாளர்கள் லாகின் செய்து பயன்படுத்தும் உள் இணையதளத்தில், அனைவருக்கும் ஒரே முகப்புப் பக்கம் காட்டப்படும்வரை, யாருக்கும் அது முழுமையாகப் பொருந்தாது. கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தேவையானது கீழே போய் ஒளிந்திருக்கும்; அவருக்குத் தொடர்பே இல்லாத ஒன்று திரையின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். இதற்குத் தீர்வாக, முகப்பில் எந்தப் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பயனரே முடிவு செய்யட்டும் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டவுடன், பெரும்பாலான குழுக்கள் பெட்டிகளை இழுத்து நகர்த்தும் வசதியைத்தான் முதலில் உருவாக்கத் தொடங்குகின்றன. உண்மையில் இந்த வேலையில் மிக எளிய பகுதி அதுவே. பயனர் செய்த மாற்றத்தை எந்த வடிவில் சேமிக்கிறோம், நிர்வாகம் பிற்பாடு முகப்பை மாற்றும்போது அந்த இரண்டும் எப்படி ஒன்றுசேர்கின்றன என்பதைத் தீர்மானிக்காமல் தொடங்கினால், ஓராண்டுக்குள் ஒவ்வொருவர் திரையும் ஒவ்வொரு காலத்தில் உறைந்துபோய் நிற்கும். ஆகவே இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்கே அதிக இடம் தருகிறது.

விளக்கம் எளிதாக இருப்பதற்காக ஓர் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து கையாள்கிறேன். புதுச்சேரியில் தலைமையகமும், கடலூரிலும் காரைக்காலிலும் கிளைகளும் உள்ள ஒரு மருத்துவமனையை எண்ணிக்கொள்ளுங்கள். செவிலியர்கள், ஆய்வகத்தினர், வரவேற்பு மேசைப் பணியாளர்கள், கணக்குப் பிரிவினர் என அனைவரும் ஒரே போர்ட்டலில் லாகின் செய்கிறார்கள். வார்டுகளில் உள்ள கணினிகள் பொதுவானவை. ஷிஃப்ட் மாறும்போது ஆளும் மாறுவார். இந்தக் கடைசி விவரம் பல முடிவுகளைத் தீர்மானிக்கப்போகிறது.

முதல் படி: பெட்டிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் தகுதியை முடிவு செய்தல்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் முகப்பில் வரக்கூடிய பெட்டிகள் அனைத்தையும் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அவை பணி அட்டவணை, படுக்கை நிலவரம், ஆய்வக முடிவுகள், சுற்றறிக்கை, விடுப்பு விண்ணப்பம், சம்பளச் சீட்டு, விடுமுறைப் பட்டியல், அவசர அறிவிப்பு என்று அமையலாம். பிறகு ஒவ்வொன்றும் எந்த வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்ய வேண்டும். சில பெட்டிகளைப் பயனர் நீக்கவே முடியாது. இவற்றை நிலையானவை என்போம். சில பெட்டிகள் தொடக்கத்தில் இருக்கும், வேண்டாதவர் நீக்கிக்கொள்ளலாம், இவை பரிந்துரைக்கப்பட்டவை. மற்றவை பட்டியலில் காத்திருக்கும், வேண்டியவர் எடுத்துச் சேர்த்துக்கொள்வார், இவை விருப்பத்துக்குரியவை.

இந்தப் பிரிப்பில் நிர்வாகம் தாராளமாக நடந்துகொள்வதும் கருமித்தனமாக நடந்துகொள்வதும் இரண்டுமே கெடுதல். ஒவ்வொரு துறைத் தலைவரும் தம் பெட்டி நிலையானதாக இருக்க வேண்டும் என்று கேட்பார். அதற்கெல்லாம் இணங்கினால் பயனர் தேர்ந்தெடுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. நிலையான பெட்டிகள் இரண்டைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பெட்டி நிலையானதாக இருக்க வேண்டுமா என்பதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இதை ஒருவர் நீக்கிவிட்டதால் இன்னொருவருக்குத் தீங்கு நேருமா? சுற்றறிக்கையை ஒருவர் பார்க்கத் தவறினால் நினைவூட்டலாம். உயிருக்கு ஆபத்தான அளவைக் காட்டும் ஆய்வக முடிவை வார்டு செவிலியர் பார்க்கத் தவறினால் அதைச் சரிசெய்ய முடியாமல் போகலாம். எனவே ஆய்வக முடிவுகள், வார்டுப் பணியாளர்களைப் பொறுத்தவரை, நிலையானவை; கணக்குப் பிரிவினருக்கு அந்தப் பெட்டியே வராது.

அவசர அறிவிப்பும் அப்படியே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. இந்தக் கரையோரத்தில் பணிபுரியும் ஒருவருக்கு, துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது, எந்த வார்டு மேல்தளத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, இரவுப் பணிக்கு வருவோருக்கு வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்பவை முகப்பின் உச்சியில் தெரிந்தாக வேண்டும். ஆனால் ஆண்டின் மற்ற நாட்களில் அந்தப் பெட்டி ‘அறிவிப்பு ஏதுமில்லை’ என்று எழுதிக்கொண்டு இடத்தை அடைத்து நிற்கக் கூடாது. அப்படி நின்றால் கண்கள் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். உண்மையான அறிவிப்பு வரும் நாளிலும் தாண்டிப் போகும். அறிவிப்பு இருக்கும்போது மட்டும் தோன்றி, இல்லாதபோது முற்றிலும் மறையும்படி அதை அமையுங்கள்.

‘மாற்றலாம்’, ‘மாற்றக் கூடாது’ என்ற இரு நிலைகள் மட்டும் போதமாட்டா என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியை நகர்த்தலாமா, நீக்கலாமா, அதன் உள்ளமைப்பைத் திருத்தலாமா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஆய்வக முடிவுகளை நீக்கக் கூடாது. ஆனால் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்துவதில் எந்தத் தவறும் இல்லை. எந்த வார்டின் முடிவுகள் முதலில் வர வேண்டும் என்று செவிலியர் தேர்வு செய்வதும் தேவையானதே.

இரண்டாம் படி: அடுக்குகளை வரையறுத்தல்

பயனர் காணும் முகப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட பல அடுக்குகளின் கூட்டு விளைவாக இருக்க வேண்டும். அடியில் நிறுவனம் முழுவதற்கும் பொதுவான அடுக்கு. அதன்மேல் கிளைக்குரிய அடுக்கு. அதன்மேல் பணிக்குரிய அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே தனி நபரின் அடுக்கு.

கிளை அடுக்கு தேவையா என்று சிலர் கேட்பார்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவுதான். ஆனால் விடுமுறைப் பட்டியல் வேறு. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாள். கடலூர் தமிழ்நாட்டு மாவட்டம் என்பதால் அங்கே அந்த நாட்கள் விடுமுறையில் சேரா. காரைக்கால் தொலைவில் இருந்தாலும் அதற்குப் புதுச்சேரியின் பட்டியலே பொருந்தும். எனவே கிளை அடுக்கை ஊரின் பெயரால் பிரிப்பதா, எந்த ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் பிரிப்பதா என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் விடுமுறைப் பட்டியலுக்கு ஆட்சிப் பகுதியும், படுக்கை நிலவரத்துக்கு ஊரும் அடிப்படையாக அமைகின்றன. கடலூரில் குடியிருந்து நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரிக்கு வேலைக்கு வருபவருக்கு, அவர் பணிபுரியும் இடத்தின் அடுக்கே பொருந்தும் என்பதையும் எழுதி வையுங்கள். பணியாளர் பதிவேட்டில் உள்ள வீட்டு முகவரியிலிருந்து ஊரை எடுக்கும் தவறு எளிதில் நுழைந்துவிடும்.

அடுக்குகள் முரண்படும்போது எது வெல்லும் என்பதற்கு இரண்டே விதிகள் வைத்துக்கொள்வது நல்லது. முதலாவது, மேலடுக்கு, அதாவது தனி நபருக்கு நெருக்கமான அடுக்கு, கீழடுக்கை வெல்லும். இரண்டாவது, கீழடுக்கில் பூட்டப்பட்ட ஒன்றை எந்த மேலடுக்கும் திறக்க முடியாது. ஒருவருக்கே இரண்டு பணிகள் இருந்தால், வார்டு மேற்பார்வையாளரே தொற்றுத் தடுப்புக் குழுவிலும் இருப்பதுபோல, இரண்டு பணி அடுக்குகளின் பெட்டிகளும் அவருக்கு வர வேண்டும். எது முதலில் வரும் என்பதைத் தீர்மானிக்க ஒவ்வொரு பணி அடுக்குக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுங்கள். இந்த எண்களை 10, 20, 30 என்று இடைவெளி விட்டுக் கொடுத்தால் பின்னர் நடுவில் ஒன்றைச் செருக எளிதாக இருக்கும்.

மூன்றாம் படி: பயனர் செய்த மாற்றத்தை மட்டும் சேமித்தல்

இந்த வேலை நிலைப்பதும் கெடுவதும் இந்த இடத்தில்தான். பயனர் முதன்முறையாக ஒரு பெட்டியை நகர்த்திச் ‘சேமி’ என்பதை அழுத்துகிறார். அப்போது இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் திரையில் அந்த நொடியில் உள்ள பக்கம் முழுவதையும் நகலெடுத்து அவர் பெயரில் வைத்துக்கொள்வது ஒரு வழி. அவர் என்ன மாற்றினார் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் அடிப்படை முகப்பின்மேல் அந்த மாற்றங்களைச் செலுத்திப் பக்கத்தைக் கட்டுவது இன்னொரு வழி.

நகலெடுப்பது எழுத எளிது. ஒரே ஒரு பதிவு, ஒரே ஒரு வாசிப்பு. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். செவிலியர் ஒருவர் மார்ச் மாதம் சுற்றறிக்கைப் பெட்டியைக் கீழே நகர்த்துகிறார். ஜூன் மாதம் நிர்வாகம் ‘மருந்து இருப்பு’ என்ற புதிய பெட்டியை வார்டுப் பணியாளர்களின் முகப்பில் சேர்க்கிறது. எதையும் மாற்றாத சக ஊழியர்களுக்கு அது உடனே தெரிகிறது. மார்ச் மாதத்து நகலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தச் செவிலியருக்கு அது தெரியவே தெரியாது. போர்ட்டலில் அதிக ஈடுபாடு காட்டித் தம் முகப்பைச் சீரமைத்துக்கொண்டவர்களே புதிய வசதிகளைப் பெறாமல் போவார்கள். பிறகு நிர்வாகம் வேறு வழியின்றி எல்லோருடைய மாற்றங்களையும் துடைத்தெறியும். ஒருமுறை அப்படி இழந்தவர்கள் இரண்டாம் முறை தம் முகப்பை அமைக்க முன்வரமாட்டார்கள்.

ஆகவே மாற்றங்களை மட்டும் சேமியுங்கள். தரவுத்தளத்தில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரியாக இருக்கட்டும்: யார், எந்தப் பக்கத்தில், எந்தப் பெட்டியை, என்ன செய்தார், எங்கே வைத்தார், எப்போது. செயல்கள் நான்கே வகை: சேர்த்தல், நீக்கல், நகர்த்தல், உள்ளமைப்பைத் திருத்தல். ஒரே பெட்டியை ஒருவர் பலமுறை அங்குமிங்கும் நகர்த்தினால் கடைசி நகர்வை மட்டும் வைத்துக்கொண்டு முந்தையவற்றை விட்டுவிடலாம். இல்லாவிட்டால் வரிகள் பெருகிக்கொண்டே போகும்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் சில உண்டு. முதலாவது, இடத்தை எண்ணாகக் குறிக்காதீர்கள். ‘மூன்றாம் இடத்தில் வை’ என்று குறித்தால், நிர்வாகம் மேலே ஒரு பெட்டியைச் சேர்த்தவுடன் பயனரின் அமைப்பு முழுவதும் ஒரு படி பிசகும். ‘படுக்கை நிலவரத்தைப் பணி அட்டவணைக்கு அடுத்து வை’ என்று பக்கத்துப் பெட்டியை வைத்துக் குறியுங்கள். அந்தப் பக்கத்துப் பெட்டி பின்னர் நீக்கப்பட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்காக, முன்னால் இருந்த பெட்டி, பின்னால் இருந்த பெட்டி, எந்த நெடுவரிசை ஆகிய மூன்றையும் சேர்த்தே பதியுங்கள். முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லாவிட்டால் அந்த நெடுவரிசையின் கடைசி.

இரண்டாவது, ஒவ்வொரு பெட்டிக்கும் மாறாத ஓர் அடையாள எண் இருக்க வேண்டும். தலைப்பை அடையாளமாகப் பயன்படுத்தினால், ‘விடுப்பு விண்ணப்பம்’ என்பதை ‘விடுப்பும் அனுமதியும்’ என்று பெயர் மாற்றிய அன்றே அதை நகர்த்தியவர்கள் அனைவரின் பதிவும் அறுந்துபோகும். நீக்கப்பட்ட பெட்டியின் எண்ணை வேறொரு பெட்டிக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். முன்னொரு காலத்தில் ஒருவர் நீக்கிய பெட்டியின் எண் புதிய பெட்டிக்கு வந்தால், அந்தப் புதிய பெட்டி அவர் கண்ணில் படாமலே நீக்கப்பட்டுவிடும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

மூன்றாவது, பெட்டிக்குள் உள்ள அமைப்புகளிலும் இதே விதியைப் பின்பற்றுங்கள். ஆய்வக முடிவுகள் பெட்டியில் எந்த வார்டு, எத்தனை வரிகள், எந்த வரிசை என்ற மூன்று அமைப்புகள் இருந்து, பயனர் வார்டை மட்டும் மாற்றினால், வார்டை மட்டுமே சேமிக்க வேண்டும். மற்ற இரண்டின் இயல்பு மதிப்பையும் சேர்த்துச் சேமித்துவிட்டால், நிர்வாகம் பின்னர் வரிகளின் இயல்பு எண்ணிக்கையை உயர்த்தினாலும் அது இவரைச் சென்றடையாது. ஜாவா நிரல்மொழி உலகில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஜே.எஸ்.ஆர். 168 என்னும் போர்ட்லெட் (அதாவது போர்ட்டல் பெட்டி) தரநிலை இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது: இயல்பு மதிப்புகள் பெட்டியோடு வரும், பயனரின் தேர்வு அதன்மேல் அமரும், நிர்வாகம் விரும்பினால் ஒரு மதிப்பை வாசிக்க மட்டும் என்று பூட்டலாம். ஜாவாவைப் பயன்படுத்தாதவர்களும் இந்த வகுப்பை அப்படியே பின்பற்றலாம்.

இனி, பக்கத்தைக் கட்டும் வரிசை. லாகின் செய்தவரின் அடுக்குகளைத் திரட்டுங்கள். அவர் பார்க்க உரிமையில்லாத பெட்டிகளை அகற்றுங்கள். அவருடைய மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செலுத்துங்கள். இறுதியில் பூட்டுகளை மறுபடி சரிபாருங்கள். பூட்டுச் சோதனை கடைசியில் வர வேண்டும் என்பது முக்கியம். ஒருவர் ஜனவரியில் ஒரு பெட்டியை நீக்குகிறார். அப்போது அது பரிந்துரைக்கப்பட்ட பெட்டி. ஏப்ரலில் நிர்வாகம் அதை நிலையானதாக மாற்றுகிறது. பூட்டை முதலில் பார்த்துவிட்டு மாற்றங்களைப் பின்னர் செலுத்தினால் ஜனவரி மாதத்து நீக்கம் வென்றுவிடும். பொருந்தாத பழைய பதிவைக் காணும்போது பிழை காட்டி நிற்காமல், அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பயனருக்கு முகப்பு எப்படியும் திறந்தாக வேண்டும்.

நிர்வாகம் புதிதாகச் சேர்த்த பெட்டி, ஏற்கெனவே தம் முகப்பை அமைத்துக்கொண்டவருக்கு எங்கே தோன்றுவது? அவர் முதலில் வைத்திருப்பதன் தலைமேல் போய் உட்கார்வது மரியாதை ஆகாது. நெடுவரிசையின் கீழே, ‘புதியது’ என்ற குறியுடன் தோன்றட்டும். பிடித்தால் அவரே மேலே கொண்டுபோவார்.

இந்தப் பதிவுகள் அனைத்தும் சர்வரில் இருக்க வேண்டும். உலாவியின் சேமிப்பில் வைத்தால் சர்வர் பக்கத்து வேலை குறையும் என்ற ஆசை எழும். ஆனால் அப்படி வைத்தால், வார்டுக் கணினியில் காலை ஷிஃப்ட் செவிலியர் அமைத்ததை மாலை ஷிஃப்ட் செவிலியர் பார்க்க நேரிடும். காலையில் வந்தவர் அடுத்த நாள் வேறு கணினியில் அமர்ந்தால் அவர் அமைத்தது எதுவும் இருக்காது. ஒருவரே கைபேசியிலும் கணினியிலும் திறந்து வைத்திருப்பதும் உண்டு. அதற்காக ஒவ்வொரு சேமிப்போடும் ஒரு பதிப்பு எண்ணை அனுப்பி, சர்வரில் உள்ள எண்ணோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள். எண் பொருந்தவில்லை என்றால் புதிய நிலையை வரவழைத்து, அதன்மேல் இந்த ஒரு மாற்றத்தைச் செலுத்தினால் போதும். முழு நகலைச் சேமிக்கும் முறையில் இது முடியாது.

ஆயத்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

சொந்தமாக எழுதாமல் ஆயத்த மென்பொருளை நிறுவுவோர், அது மேற்சொன்ன இரண்டு வழிகளில் எதைக் கையாள்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்காக உருவான யுபோர்ட்டல் என்னும் போர்ட்டல் மென்பொருள், அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் முறையைக் கொண்டது. நிர்வாகம் வழங்கும் பகுதிகள் தனித்தனித் துண்டுகளாக, யாருக்கு உரியவை, முன்னுரிமை எவ்வளவு என்ற குறிப்புகளுடன் இருக்கும். பயனரின் மாற்றங்கள் தனியே சேமிக்கப்பட்டு லாகின் நேரத்தில் இணைக்கப்படும். ஒவ்வொரு பெட்டிக்கும் நகர்த்தல், நீக்கல், திருத்தல், உள்ளே சேர்த்தல் ஆகிய நான்கு அனுமதிகளைத் தனித்தனியே தடுக்க முடிகிறது.

நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றுக்கும் பழக்கமான, இணையவழிப் பாடங்களுக்கான மூடில் மென்பொருள், டாஷ்போர்டு எனப்படும் தன் முகப்பைப் பொறுத்தவரை நகலெடுக்கும் முறையைப் பின்பற்றுகிறது. மாணவர் ஒருவர் தம் டாஷ்போர்டில் பிளாக் (மூடிலில் பெட்டிக்கு வழங்கும் பெயர்) ஒன்றை மாற்றியவுடன் அவருக்கென ஒரு தனிப் பக்கம் உருவாகிவிடும். அதன்பின் அட்மின் பொது டாஷ்போர்டில் செய்யும் மாற்றங்கள் அவரைச் சேரமாட்டா. இதற்காகவே பொது டாஷ்போர்டு அமைப்புப் பக்கத்தில் எல்லாப் பயனர்களின் டாஷ்போர்டையும் மீட்டமைக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் அனைவரும் செய்த மாற்றங்களும் போய்விடும். ஆகவே மூடில் நடத்துவோர் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே பொது டாஷ்போர்டை இறுதி செய்து, மீட்டமைத்துவிட்டு, பிறகு மாணவர்களுக்கு மாற்றும் உரிமையைத் திறந்துவிட வேண்டும். இடையில் அந்தப் பொத்தானைத் தொடுவதாக இருந்தால் முன்னறிவிப்புக் கொடுப்பது கடமை.

லைஃப்ரே என்னும் போர்ட்டல் மென்பொருளில் நிர்வாகி ஒரு பக்கத்தைத் தனிப்பயனாக்கத்துக்குத் திறந்துவிட்டு, அதன் எந்தப் பகுதிகளைப் பயனர் மாற்றலாம் என்றும் குறிக்கலாம். பூட்டப்பட்ட பகுதிகளில் நிர்வாகி செய்யும் மாற்றம் எல்லோருக்கும் உடனே தெரியும். திறந்த பகுதிகள் பயனரின் பொறுப்பு. பயனர் தம் மாற்றங்களை இழக்காமலே பொதுவான வடிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பும் வசதியும் அதில் உண்டு. சொந்தமாக எழுதுவோரும் இந்த வசதியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பேன். தொலைபேசியில் உதவி கேட்பவரிடம் ‘பொது வடிவத்துக்கு மாறி, இடப்பக்கம் மேலே பாருங்கள்’ என்று சொல்ல முடிவது உதவி மேசையின் பாதிச் சுமையைக் குறைத்துவிடும்.

நான்காம் படி: உரிமையையும் விருப்பத்தையும் கலக்காதிருத்தல்

ஒரு பெட்டி முகப்பில் இல்லை என்பதற்கும், அதைப் பார்க்க உரிமை இல்லை என்பதற்கும் தொடர்பே கிடையாது. முன்னது விருப்பம், பின்னது பாதுகாப்பு. பயனர் பட்டியலிலிருந்து ஒரு பெட்டியைச் சேர்க்கும்போது மட்டும் உரிமையைச் சோதித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு முறை காட்டும்போதும் சோதிக்காமல் விட்டால், ஆய்வகத்திலிருந்து வரவேற்பு மேசைக்கு மாற்றப்பட்டவர் முகப்பில் நோயாளிகளின் ஆய்வு முடிவுகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். சோதனை ஒவ்வொரு முறையும், பெட்டியின் தரவு வழங்கப்படும் இடத்திலேயே நடக்க வேண்டும்.

பொதுக் கணினிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சம்பளச் சீட்டுப் பெட்டி விரிந்த நிலையில் திறந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் அனைவரும் பார்ப்பார்கள். இத்தகைய பெட்டிகள் எப்போதும் சுருங்கிய நிலையிலேயே திறக்க வேண்டும். அதை விரிந்த நிலைக்கு நிரந்தரமாக மாற்றும் தேர்வைப் பயனருக்குக் கொடுக்கவே வேண்டாம்.

ஐந்தாம் படி: பயனர் கையாளும் திரை

சாதாரணமாகப் பார்க்கும் நிலையையும் மாற்றியமைக்கும் நிலையையும் பிரித்து வையுங்கள். ‘முகப்பை மாற்று’ என்ற பொத்தானை அழுத்திய பிறகே பெட்டிகளில் கைப்பிடிகள் தோன்ற வேண்டும். எப்போதும் நகர்த்தக்கூடிய நிலையில் இருந்தால், தொடுதிரையில் பக்கத்தை உருட்டும் விரல் தற்செயலாக ஒரு பெட்டியை இழுத்துச் சென்றுவிடும்.

இழுத்து நகர்த்துவதை மட்டுமே ஒரே வழியாக வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளில், இழுத்துச் செய்யும் எந்தச் செயலையும் இழுக்காமல் ஒற்றைத் தொடுதலாலும் செய்ய முடிய வேண்டும் என்று 2.5.7ஆம் விதி சொல்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ‘மேலே நகர்த்து’, ‘கீழே நகர்த்து’, ‘அடுத்த நெடுவரிசைக்கு’ என்ற பொத்தான்கள் இருந்தால் இந்த விதி நிறைவேறிவிடும். கை நடுக்கம் உள்ளவர்களும், பழைய மவுஸ் பிடித்து அவதிப்படும் வார்டுப் பணியாளரும் ஒருங்கே பயன்பெறுவார்கள். அந்தப் பொத்தான்களின் அளவு 24க்கு 24 சி.எஸ்.எஸ். பிக்சலுக்கு (இணையப் பக்கங்களில் அளவைக் குறிக்கும் அலகு) குறையாமல் இருக்க வேண்டும் என்பது அதே நெறிகளின் 2.5.8ஆம் விதி. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோருக்கு ‘படுக்கை நிலவரம் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்தது’ என்று ஒவ்வொரு நகர்வுக்கும் அறிவிப்பு ஒலிக்க வேண்டும்.

நகர்த்த முடியாத பெட்டியில் கைப்பிடியே தோன்றக் கூடாது. தோன்றிவிட்டு, இழுத்த பிறகு ‘அனுமதி இல்லை’ என்று சொல்வது பயனரை அவமதிப்பதாகும். சிறிய பூட்டுக் குறியும், அதைத் தொட்டால் ஏன் பூட்டப்பட்டுள்ளது என்ற ஒரு வரி விளக்கமும் போதும்.

நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரும்பிய நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வட்டத்தைக் கொடுக்காமல், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாத நான்கைந்து நிறத்தொகுப்புகளைச் சோதித்துக் கொடுங்கள். எழுத்தின் அளவை மாற்றும் வசதி இதைவிடப் பலருக்குப் பயன்படும்.

ஆறாம் படி: தமிழ்த் தலைப்புகளுக்கு இடம் ஒதுக்குதல்

பெட்டியின் தலைப்பைப் பயனரே மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தால், தரவுத்தளத்தில் அதற்கு ஒதுக்கிய நீளத்தைச் சரிபாருங்கள். ‘ஆய்வக முடிவுகள்’ என்ற தலைப்பில் கண்ணுக்குத் தெரிவது ஒன்பது எழுத்துகளும் ஓர் இடைவெளியும். ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் யுனிகோடு தரநிலையில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் இடைவெளியோடு சேர்த்து அது 15 குறியீடுகளாகிறது. அந்தக் குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் எடுத்துக்கொள்வதால் மொத்தம் 43 பைட்டுகள். ஆங்கிலத் தலைப்புகளைச் சோதித்துவிட்டு 40 பைட்டு போதும் என்று முடிவு செய்த அட்டவணையில் இந்தத் தலைப்பு நுழையாது. நீளத்தைப் பைட்டில் அளக்கிறதா, குறியீட்டில் அளக்கிறதா என்பது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறுபடும், தெரிந்துகொண்டு ஒதுக்குங்கள். இடம் போதாதபோது தலைப்பைக் குறியீட்டு எண்ணிக்கையால் வெட்டினால் ‘முடிவுகள்’ என்பதன் புள்ளி உதிர்ந்து ‘முடிவுகள’ என்று நிற்கும். எழுத்து எல்லை பார்த்து வெட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

பெட்டிகளின் பட்டியலை அகரவரிசையில் காட்டும்போது, வெறும் யுனிகோடு எண்ணால் வரிசைப்படுத்தினால் றகரம் ரகரத்தை அடுத்தும் னகரம் நகரத்தை அடுத்தும் வந்துவிடும். தமிழுக்கான வரிசை விதியைத் தேர்ந்தெடுத்தால் அது சரியாகும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதிகளான மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் வழங்குவதால், பிற்காலத்தில் அங்கும் கிளை தொடங்கும் எண்ணம் உள்ளவர்கள், தலைப்புகளைத் தொடக்கத்திலிருந்தே நிரலுக்குள் எழுதாமல் மொழிவாரியாகத் தனிக் கோப்பில் வைப்பது பிற்காலத்து வேலையைப் பெரிதும் குறைக்கும். பயனரின் மொழித் தேர்வையும் அவருடைய தனி அடுக்கிலேயே சேமிக்கலாம்.

ஏழாம் படி: வேகமும் தடங்கலும்

ஒவ்வொருவருக்கும் பக்கம் வேறு என்பதால் முழுப் பக்கத்தையும் தற்காலிகச் சேமிப்பில் வைத்து எல்லோருக்கும் கொடுக்க முடியாது. பக்கத்தின் வெற்றுச் சட்டகத்தை முதலில் காட்டிவிட்டு, பெட்டிகளைத் தனித்தனியே நிரப்புங்கள். சுற்றறிக்கை, விடுமுறைப் பட்டியல் போன்ற பொதுப் பெட்டிகளின் உள்ளடக்கத்தைத் தற்காலிகச் சேமிப்பில் வைக்கலாம். சம்பளச் சீட்டு, பணி அட்டவணை போன்ற தனிநபர் பெட்டிகளைச் சேமிப்பில் வைப்பதாக இருந்தால் சேமித்ததைத் தேடி எடுக்கப் பயன்படும் சாவியில் பயனரின் எண் கட்டாயம் இருக்க வேண்டும். அது விடுபட்டால் ஒருவரின் சம்பளம் இன்னொருவர் திரையில் தோன்றும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கால வரம்பு வையுங்கள். புயல் நாட்களில் கிளைகளுக்கு இடையேயான இணைப்பு அறுந்துபோவது இந்தப் பகுதியில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. கடலூர்க் கிளையின் படுக்கை நிலவரம் இரண்டு மூன்று நொடிகளுக்குள் வரவில்லை என்றால், கடைசியாகக் கிடைத்த நிலவரத்தை, அது எத்தனை மணிக்கு உரியது என்ற குறிப்புடன் அந்தப் பெட்டிக்குள் காட்டிவிட்டு, மற்ற பெட்டிகள் வழக்கம்போல் இயங்க வேண்டும். நேரக் குறிப்பு இல்லாமல் பழைய எண்ணிக்கையைக் காட்டுவது, எதையும் காட்டாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

எட்டாம் படி: திரும்பிச் செல்லும் வழி

தவறாக எதையாவது நீக்கிவிடுவோமோ என்ற அச்சமே பலரைத் தம் முகப்பைத் தொடவிடாமல் தடுக்கிறது. எனவே திரும்பிச் செல்லும் வழி மூன்று அளவுகளில் இருக்க வேண்டும்: இப்போது செய்த மாற்றத்தை மட்டும் விலக்குவது, ஒரு பெட்டியை மட்டும் இயல்பு நிலைக்குக் கொண்டுவருவது, முகப்பு முழுவதையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவருவது. மாற்றங்களை வரிகளாகச் சேமித்திருப்பதால் இம்மூன்றும் எளிதாகவே அமையும். முறையே கடைசி வரியை, ஒரு பெட்டிக்குரிய வரிகளை, எல்லா வரிகளையும் செயலற்றவையாகக் குறித்தால் போதும். ஆனால் உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு மாதம் வரை வைத்திருந்தால், முழுவதையும் மீட்டமைத்துவிட்டு வருந்துபவருக்கு அவருடைய பழைய முகப்பைத் திருப்பித் தர முடியும்.

வெளியிடுதலும் பராமரிப்பும்

முதலில் ஒரே ஒரு பிரிவுக்கு, எடுத்துக்காட்டாகக் கடலூர்க் கிளையின் வரவேற்பு மேசைக்கு, திறந்துவிடுங்கள். அவர்கள் அருகில் அமர்ந்து, எதுவும் சொல்லித்தராமல், ஒரு பெட்டியைச் சேர்க்கவும் நகர்த்தவும் மீட்டமைக்கவும் கேளுங்கள். எந்தச் சொல்லில் தயங்கி நிற்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு பொத்தான்களின் பெயரைத் திருத்திய பிறகு மற்றப் பிரிவுகளுக்குச் செல்லுங்கள்.

எவ்வளவு நல்ல வசதியைக் கொடுத்தாலும் பெரும்பான்மையோர் தொடக்கத்தில் உள்ள முகப்பையே வைத்துக்கொள்வார்கள். ஆகவே மோசமான இயல்பு முகப்புக்குத் தனிப்பயனாக்கம் ஈடாகாது. மாற்றங்களின் பதிவேடே இயல்பு முகப்பைத் திருத்தச் சிறந்த சான்று: ஒரு பணிப் பிரிவில் மாற்றம் செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே பெட்டியை நீக்கியிருந்தால், அந்தப் பெட்டி அந்தப் பணிக்குப் பரிந்துரைக்கத் தக்கதல்ல, பலரும் தாமாகத் தேடிச் சேர்த்த பெட்டி பரிந்துரைப் பட்டியலுக்கு உயர வேண்டியது. இந்தக் கணக்கெடுப்பில் பெயர்கள் தேவையில்லை. பணிப் பிரிவும் எண்ணிக்கையும் போதும். யார் சுற்றறிக்கையை நீக்கினார் என்று மேலதிகாரிக்குக் காட்டும் அறிக்கையை உருவாக்கும்படி கேட்டால் மறுத்துவிடுங்கள். அது தெரிந்த நாளிலிருந்து யாரும் எதையும் மாற்றமாட்டார்கள்.

பணியிட மாற்றம் பெற்றவரின் பதிவுகளை அழிக்க வேண்டியதில்லை. புதிய அடுக்குக்குப் பொருந்தாதவை தாமாகவே செயலற்றிருக்கும், அவர் பழைய பணிக்குத் திரும்பினால் மறுபடி உயிர்பெறும். பணியை விட்டு விலகியவரின் பதிவுகளை அவர் கணக்கு மூடப்படும்போதே நீக்குங்கள். எந்த அடுக்கிலும் இல்லாத பெட்டிகளைக் குறிக்கும் அநாதைப் பதிவுகளைக் காலாண்டுக்கு ஒருமுறை ஒரு தானியங்கி நிரலால் துப்புரவு செய்யுங்கள். அந்த நிரலை முதல்முறை இயக்குவதற்கு முன் பதிவேட்டின் காப்பு நகலை எடுத்து, அதிலிருந்து ஒருவருடைய முகப்பை மீட்டெடுக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு இயக்குங்கள்.